விழுந்த ராக்கெட்டும் எழுந்த ராக்கெட்டும்

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ராக்கெட் என்றால் சந்திரயான்தான். 2008-இல் அந்தச் சந்திரயானைத் தூக்கிக்கொண்டு போனது பி.எஸ்.எல்.வி. ராக்கெட் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் பி.எஸ்.எல்.வி. பிறந்தது நிலாவுக்காக அல்ல. நம்ம ஊர் வயலையும் ஏரியையும் காட்டையும் மேலேயிருந்து படம் பிடிக்கும் செயற்கைக்கோள்களை ஏற்றுவதற்காக. அதன் முதல் பயணம் 1993 செப்டம்பர் 20 அன்று. அது கடலில் போய் விழுந்தது. பழைய மாணவர்கள் பலர் மறுநாள் பேப்பரில் படித்து உச்சுக் கொட்டியிருப்பார்கள். ஜெயித்த கதையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இந்த விழுந்த கதையை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் நாம் செயற்கைக்கோள் செய்யாமல் இல்லை. 1979 ஜூன் 7-இல் பாஸ்கரா போயிற்று. 1988 மார்ச் 17-இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ போயிற்று. இரண்டும் நம்மவர்கள் செய்தவை. ஆனால் ஏற்றிவிட்டது சோவியத் ராக்கெட். கல்யாணப் பெண் நம் வீட்டுப் பெண், கார் மட்டும் பக்கத்து வீட்டுக் கார் என்கிற கதை! 1991-இல் சோவியத் யூனியனே இல்லாமல் போய்விட்டது. 1993 ஜூலையில், கிரயோஜெனிக் என்ஜின் தொழில்நுட்பத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த ரஷ்யா, அமெரிக்காவின் நெருக்குதலால் பின்வாங்கியது. பக்கத்து வீட்டுக் காரை நம்பிக் காலம் தள்ள முடியாது என்பது அந்த வருஷம் எல்லோருக்கும் உறைத்தது.

பூமியைப் படமெடுக்க எந்தப் பாதை வேண்டும் என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். டி.வி. செயற்கைக்கோள் மாதிரி 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றால் வயல் வரப்பு தெரியாது. ஏறக்குறைய 800, 900 கிலோமீட்டரில், துருவத்துக்குத் துருவம் சுற்றவேண்டும். ஒரு சுற்றுக்கு நூறு நிமிஷம் வாக்கில் ஆகும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பூமி நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதால், சுற்றுப்பாதையின் தளம் தானாகவே மெல்லத் திரும்பும். சாய்வை 98, 99 டிகிரிக்குச் சரியாக வைத்துவிட்டால், அது நாளுக்கு ஒரு டிகிரி வீதம் சூரியனோடு ஒத்துத் திரும்பிக்கொண்டே வரும். அப்படியானால் ஓர் ஊரை எப்போது படமெடுத்தாலும் அது காலை பத்தரை மணி வாக்கில்தான் இருக்கும். நிழல் ஒரே மாதிரி விழும். போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து, ஏரி எவ்வளவு வற்றியது என்று பார்க்கலாம்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே நேராக விட்டால் வழியில் இலங்கை! எரிந்து முடிந்த அடுக்குகளை யார் தலையிலும் போட முடியாதே. ஆகவே முதலில் தென்கிழக்கே போய், அப்புறம் தெற்கே திரும்பவேண்டும். இந்த வளைவுக்கே எரிபொருள் செலவாகி, சுமை குறைகிறது. (சிறிய ராக்கெட்டுகளுக்கு இது கட்டுப்படியாகாது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு இதுதான் காரணம். அங்கிருந்து தெற்கே வெறும் கடல்.)

பி.எஸ்.எல்.வி. 44 மீட்டர் உயரம், நான்கு அடுக்கு. ஒன்றும் மூன்றும் திட எரிபொருள், இரண்டும் நான்கும் திரவம். இரண்டாம் அடுக்கின் விகாஸ் என்ஜின் பிரெஞ்சு வைகிங் என்ஜினின் வழியில் வந்தது. நாகர்கோவில் பஸ்ஸில் போகும்போது பணகுடிப் பக்கம் மேற்கே தெரிகிறதே மகேந்திரகிரி, அங்கேதான் அதைச் சோதித்தார்கள். அதற்கு முந்தைய ஏ.எஸ்.எல்.வி. சுமந்ததோ நூற்றுச் சொச்சம் கிலோ. அதுவும் 1987, 1988 இரண்டு முறையும் தோற்று, 1992-இல்தான் மேலே போயிற்று. அடுத்த வருஷமே 846 கிலோ எடையுள்ள ஐ.ஆர்.எஸ்.-1இ என்றால், துணிச்சல்தான்.

முதல் இரண்டு அடுக்குகளும் நன்றாகவே எரிந்தன. இரண்டாம் அடுக்கு கழலும்போது அதைப் பின்னால் இழுக்கவேண்டிய குட்டி ராக்கெட்டுகளில் சில வேலை செய்யவில்லை. ராக்கெட் ஆட்டம் கண்டது. சமாளித்திருக்கலாம். ஆனால் திசையைத் திருத்தும் மென்பொருளில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. ஆட்டம் பெரிதானதும், திருத்தக் கட்டளையின் எண் தனக்கு ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் வழிந்துவிட்டது. கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்கு இது பழகிய சங்கதி. மற்றவர்கள் ஸ்கூட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளலாம்: 99999-க்குப் பிறகு 00000 வருமல்லவா? அப்படி வழிகிற எண், கூட்டலைக் கழித்தலாகக்கூட மாற்றிவிடும். ராக்கெட் நிலை தவறியது. அவ்வளவுதான், போச்சு.

போனது நம் செயற்கைக்கோள் மட்டுமல்ல. அதில் ஒரு ஜெர்மன் காமிராவும் இருந்தது. "மென்பொருள் பிழையாம்" என்று சிரித்தவர்கள் உண்டு. மூன்று வருஷம் கழித்து, 1996 ஜூனில், ஐரோப்பாவின் புத்தம் புது ஏரியன்-5 கிளம்பி நாற்பது விநாடிக்குள் சிதறியது. காரணம் இதே எண் வழிகிற வியாதிதான்! சிரிப்பு நின்றிருக்கும்.

என்னைக் கேட்டால், 1993-இன் பெரிய காரியம் அந்த விழுதலைப் படித்த விதம்தான். புதிதாய்ச் செய்த இரண்டு பெரிய அடுக்குகளும் தேறிவிட்டன என்பதையும், தோற்றது எந்த இடம் என்பதையும் பிரித்துப் பார்த்தார்கள். ராக்கெட்டை அடியிலிருந்து மாற்றி வரையாமல், பழுதான இடத்தை மட்டும் சரிசெய்தார்கள். சரியாக 390 நாள் கழித்து, 1994 அக்டோபர் 15 அன்று, இரண்டாவது பி.எஸ்.எல்.வி. 804 கிலோ ஐ.ஆர்.எஸ்.-பி2-ஐ சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது. 1996 மார்ச்சில் மூன்றாவது போயிற்று. ஒரு காமிராவைப் பறிகொடுத்த ஜெர்மன்காரர்கள் அதில் இன்னொரு கருவியைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெரிய மனசுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமே என்று நினைக்கவேண்டாம். 1997-இல் நான்காவது பயணத்தில் ஐ.ஆர்.எஸ்.-1டி தாழ்வான பாதையில் மாட்டிக்கொண்டு, தன் சொந்த எரிபொருளைச் செலவழித்து மேலேறியது. 1999-இல் கடலின் நிறத்தைப் பார்க்கும் ஓஷன்சாட் போயிற்று. 2017-இல் ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள். 2025 மே 18 அன்று, 1,696 கிலோ ஈ.ஓ.எஸ்.-09 என்ற புவி நோக்குச் செயற்கைக்கோளோடு கிளம்பிய பி.எஸ்.எல்.வி. மறுபடியும் கடலுக்கே போயிற்று. இம்முறை தகராறு மூன்றாம் அடுக்கில். 1993-இல் போலவே, காரணத்தைத் தேட ஒரு குழு உட்கார்ந்தது.