காப்பாரா, பிரிக்பீல்ட்ஸா? கடல் கடந்தோர் இறங்கிய இரு கரைகள்



சென்ற பள்ளி விடுமுறையில் என் தங்கை மகள் காப்பாருக்கு வந்திருந்தாள். தாதியாகப் பணிபுரியும் அவள், கணவரோடும் ஆறு வயது மகனோடும் ஆஸ்திரேலியாவில் குடியேற முடிவு செய்திருக்கிறாள். அவள் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மெல்பர்ன் மாநகரில் ஒரு மருத்துவமனை தரவிருக்கும் வேலை. மற்றொன்று, அங்கிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பல்லாராட் என்னும் அமைதியான ஊர்.

"மாமா, வரலாறு வரலாறு என்று ஓயாமல் எழுதுகிறீர்களே! பட்டணத்துக்குப் போகலாமா, அமைதியான ஊருக்குப் போகலாமா? உங்கள் வரலாறு என்ன சொல்கிறது?" என்று கேட்டாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால், எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. நம் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்கள்தாமே! அவர்களுள் சிலர் பட்டணத்தில் இறங்கினர். பெரும்பாலோர் அமைதியான இடத்தில் இறக்கப்பட்டனர். 'இறங்கினர்' என்பதற்கும் 'இறக்கப்பட்டனர்' என்பதற்கும் இடையே நம் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. அன்று அவளுக்குச் சொன்னவற்றையும் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் காப்பாரைப் பார்ப்போம். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் இருப்பது எங்கள் ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரம் இரப்பர்க் காடாக மாறியது. 1908-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' மகிழுந்து வெளிவந்தது. உலகமெங்கும் சக்கரங்களுக்கு இரப்பர் தேவைப்பட்டது. 1910-இல் இரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. இலண்டனில் பங்கு வாங்கியவர்களுக்குப் பணம் கொட்டியது. மரம் சீவுவதற்குக் கைகள் வேண்டுமே! அந்தக் கைகள் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்தன.

1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்று அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையிலிருந்து தொழிலாளர்களின் கப்பற்பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறைக்குத் தடை வந்தது. அதன்பின் கங்காணி முறையே ஓங்கியது. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்குத் திரும்பி, உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கிலோ சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ இறங்குவர். 1901-இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தைத்தான் 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என்கிறோம். இறங்கியதும் சில நாள்கள் தொற்றுத் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து, பிறகு தோட்டத்திற்குச் செல்வர். 1938-இல் இந்திய அரசு இத்தகைய உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இது தொடர்ந்தது.

என் பாட்டியின் தந்தை அப்படித்தான் முசிறிப் பக்கமிருந்து வந்தவர். "பட்டணமா, தோட்டமா?" என்று அவரை எவரும் கேட்கவில்லை. கங்காணி எந்தத் தோட்டத்துக் கங்காணியோ அந்தத் தோட்டமே அவருடைய ஊர்! சட்டப்படி, ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு விலகிச் செல்லலாம். ஆனால், எங்கே செல்வது? தெரிந்த முகங்கள் அனைத்தும் அந்த லயத்து வீடுகளில்தாம் இருந்தன.

இப்போது பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டப்பட்ட கடைகள் அழிந்தன. இனிச் செங்கல்லால் கட்டவேண்டும் என்றானது. நகருக்குத் தெற்கே களிமண் நிலத்தில் செங்கற்சூளைகள் எழுந்தன. ஊரின் பெயரும் அதிலிருந்தே வந்தது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் அப்பாதை ஆற்றைக் கடந்து கிள்ளான் நகரையே எட்டியது. இரயில்வேயின் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் பிரிக்பீல்ட்ஸில் அமைந்தன.

அங்கே இறங்கியவர்களுள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். காரணம், அவர்கள் கையில் ஒரு கருவி இருந்தது. அது மிஷனரிப் பள்ளிகளில் கற்ற ஆங்கிலம். 1891-இல் இலங்கையிலிருந்து சிலாங்கூருக்குப் பொறியாளராக வந்த ஸ்பூனர் என்பவர், 1901-இல் இரயில்வேயின் தலைவரானார். இலங்கையில் தாம் அறிந்திருந்த தமிழரை எழுத்தர்களாகவும் நில அளவையாளர்களாகவும் வரவழைத்தார். அவர்கள் 1904-இலேயே விவேகானந்த ஆசிரமத்தை நிறுவினர். கோயில், சங்கம், பள்ளி எல்லாம் நடந்துபோகும் தொலைவில் வந்துவிட்டன. எழுத்தரின் மகன் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்று மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆகும் வழி, அந்தத் தெருவிலிருந்தே தொடங்கியது.

ஆயினும், பட்டணத்தைப் பொன்னுலகம் என்று சொல்லிவிட முடியாது. தமிழகத்திலிருந்து வந்து அதே பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளம் போட்ட கூலித் தமிழர்களும் இருந்தனர். அவர்களுக்கு அந்த வழி அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. மேலும், எழுத்தருக்கும் கூலிக்கும் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. பணி ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்யவேண்டும். ஆக, பட்டணத்திலும் ஒரு கயிறு இருந்தது. சற்று நீளமான கயிறு, அவ்வளவுதான்.

தோட்டத்தின் அமைதி எப்படிப்பட்டது? என் பாட்டி 1920-களின் இறுதியில் காப்பார் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பள்ளிச் சிறுவனாயிருந்தபோது அவரிடம், "பாட்டி, தோட்டம் அமைதியா இருந்துச்சா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சத்தமே இருக்காதுய்யா. சத்தம் போட விட்டாத்தானே!"

அந்த ஒரு வரியின் பொருள், பின்னாளில் 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அவ்வாண்டு கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை ஒன்றுதிரட்டியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். (1924-இல் தோன்றிய அந்நாளிதழ் 2019-இல் நின்றுபோனது.) சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி வேண்டும் என்றனர். அது நாம் எதிர்பார்ப்பதுதான். மற்றக் கோரிக்கைகளைப் பாருங்கள்!

உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோக வேண்டும். துரையின் முன்னாலும் கிராணியின் முன்னாலும் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்ல இசைவு வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும். கள்ளுக்கடைகளை மூடவேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது.

இக்கோரிக்கைகளுள் ஒன்றேனும் 'எங்களைப் பட்டணத்திற்கு அனுப்புங்கள்' என்று சொல்கிறதா? இல்லை! தோட்டத்தின் அமைதியை அவர்கள் வெறுக்கவில்லை. அந்த அமைதிக்கு ஒரு வாசல் வேண்டும் என்றுதான் கேட்டனர். உள்ளே இருப்பவர் வெளியே செல்லவும், வெளியே இருப்பவர் உள்ளே வரவும், பிள்ளைகள் மேலே செல்லவும் ஒரு வாசல். 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தத்தை ஒடுக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அப்போது பாட்டிக்கு ஏறக்குறைய 13 வயது. தம் தந்தை இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்பது மட்டும் அவர் நினைவில் இருந்தது.

ஓர் ஆசிரியனாகத் தோட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதில் 10 பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள தோட்டம், பள்ளி நடத்தியாக வேண்டும். அவற்றுட் பல, கிராணியோ கங்காணியோ பாடம் சொன்ன ஒற்றைக் கொட்டகைகள். சில ஆண்டுப் படிப்போடு வழி முடிந்துவிடும், பிறகு பால்வாளிதான். எனினும், 1957-இல் இந்நாட்டில் இருந்த 888 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை அத்தகைய தோட்டப்பள்ளிகளே. இன்று 520-க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. கோயில் திருவிழா, கூத்து, வீட்டில் தமிழ் எல்லாம் தலைமுறை தாண்டி வந்தது, நாம் குறைசொல்லும் அந்தத் தோட்டத்துக்குள்தான். ஆங்கிலப் பள்ளி வழியே உயர்ந்த பட்டணத்துக் குடும்பங்கள் பலவற்றில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாமற்போனதையும் நாம் அறிவோம். ஒவ்வோர் இடமும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டது.

பின்பு அந்த அமைதியும் நிலைக்கவில்லை. விடுதலைக்கு முன்னும் பின்னும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. தோட்டத் தொழிலாளிக்கு நிலம் வேண்டும் என்று பாடுபட்ட அவருடைய பெயரை, இன்று பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை தாங்கி நிற்கிறது! ஆனால், எல்லாத் தோட்டங்களையும் வாங்க அச்சங்கத்தால் இயலவில்லை. வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் நிலம் கைமாறியபோது, வீடும் வேலையும் ஒரே நாளில் போயின. பலர் கோலாலம்பூரின் புறம்போக்கு நிலங்களில் குடிசை போட்டனர். அவர்களையும் எவரும் "பட்டணமா, சிற்றூரா?" என்று கேட்கவில்லை. முன்னோர் தோட்டத்தில் இறக்கப்பட்டனர் என்றால், இவர்கள் பட்டணத்தில் இறக்கப்பட்டனர்.

எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது எனக்கு வயது 12. பெரியப்பா கோலாலம்பூர் சென்றார். அப்பா காப்பாரிலேயே ஒரு தாமானில் வீடு வாங்கினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், சனிக்கிழமைகளில் நான் பிரிக்பீல்ட்ஸ் சென்று புத்தகக்கடைகளில் நிற்பேன். பழைய இரயில்வே நிலத்தில் 2001-இல் எழுந்த சென்ட்ரல் நிலையத்தை வியந்து பார்ப்பேன். இங்கேயே தங்கிவிடலாமா என்று அப்போது ஆசை இருந்தது. இருந்தும் காப்பாருக்கே திரும்பினேன். இங்கே மெதடிஸ்ட் தமிழ்ப்பள்ளியும் ஜாலான் அக்கோப் தமிழ்ப்பள்ளியும் இருக்கின்றன. கிள்ளான் செல்லச் சாலை இருக்கிறது. வேண்டியபோது பட்டணம் சென்று, வேண்டியபோது வீடு திரும்புகிறேன். என் பாட்டி வாழ்ந்த அதே காப்பார்தான். வேறுபாடு ஒன்றே ஒன்று. எனக்கு வாசல் இருக்கிறது.

இதைத்தான் தங்கை மகளுக்குச் சொன்னேன். "ஊரைப் பார்க்காதே, வாசலைப் பார். பல்லாராட்டுக்கு நீ கேட்கும் வட்டார விசா 5 ஆண்டுக்கு உரியது. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களுக்கு வெளியேதான் அதில் வாழவும் வேலை செய்யவும் முடியும். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க 3 ஆண்டுகள் ஆகும். மெல்பர்ன் வேலையிலோ, விசா மருத்துவமனையோடு கட்டுண்டது. வேலை போனால், 180 நாள்களுக்குள் வேறு முதலாளியைத் தேடவேண்டும். ஆக, இரண்டிலும் கயிறு உண்டு. எந்தக் கயிற்றின் நீளம் உனக்குப் போதும் என்று கணக்குப் போடு. நம் ஆட்கள் அங்கே உண்டா? பையனுக்குத் தமிழ் வகுப்பு உண்டா? உன் அம்மா வந்து தங்க முடியுமா? மனம் கசந்தால் வெளியேற வழி உண்டா? 1941-இல் உன் பூட்டனார் காலத்து மக்கள் துப்பாக்கிக்கு முன் நின்று கேட்டவை இவைதாம்."

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பல்லாராட்டிலிருந்து மெல்பர்னுக்கு இரயில் இருக்கிறது மாமா. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்கிறேன்" என்று கைப்பேசியை எடுத்தாள். அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுக்கட்டும், பொறுமையாக எடுக்கட்டும். எங்கள் குடும்பத்தில் ஐந்து தலைமுறையில், கடல் கடக்கும் முன்னே எங்கு இறங்குவது என்று உட்கார்ந்து சிந்திக்கும் பேறு பெற்ற முதல் ஆள் அவள்தான்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு தோட்டமோ ஒரு குவாட்டர்ஸோ இருந்திருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். "எங்கே இருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அங்கிருந்து வெளியே போக முடிந்ததா?" என்றும் கேளுங்கள். விடை உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும்.