தசமபாகம்: சமயக் கடமையும் நில உறவுகளும் – ஒரு வரலாற்று நோக்கு

கிறித்தவர் ஒருவர் தமது வருமானத்திற் பத்திலொரு பங்கினைத் திருச்சபைக்குக் கொடுத்தல் இன்றும் கட்டாயமானதா என்னும் வினா, பெரும்பாலும் வேதாகம வசனங்களின் துணைகொண்டே விவாதிக்கப்பட்டு வருகின்றது. கட்டாயம் என்போர் மல்கியாவின் நூலை எடுத்துக்காட்டுவர். அன்று என்போர் பவுலின் நிருபங்களை எடுத்துக்காட்டுவர். இரு சாராரும் தம்மை அறியாமலே ஒன்றில் உடன்படுகின்றனர். தசமபாகம் என்பது காலந்தோறும் மாறாது நிலைத்திருந்த ஒரே நிறுவனம் என்பதே அது. வரலாற்று மாணவனுக்கு இவ்வெடுகோள் ஏற்புடையதன்று. யார் கொடுத்தனர், எதிலிருந்து கொடுத்தனர், யார் பெற்றனர், எவ்வதிகாரம் அதனை வற்புறுத்தியது என்னும் நான்கு வினாக்களையும் எழுப்பாது தசமபாகத்தின் கடப்பாட்டுத் தன்மையை நிர்ணயித்தல் இயலாது. இவ்வினாக்களின் ஒளியில் அதன் வளர்ச்சியைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமற்ற குருகுலம்

பத்திலொரு பங்கு என்னும் அளவு இஸ்ரவேலருக்கே உரிய தனிப்பண்பு அன்று. மெசப்பொத்தேமியாவில் கோயில்களுக்குப் பத்திலொன்று செலுத்தும் வழக்கம் புதிய பாபிலோனியக் காலச் சாசனங்களிலே தெளிவாகக் காணப்படுகின்றது. பண்டைய மேற்காசியாவில் அது கோயிலுக்கும் அரசனுக்கும் பொதுவான இறை வடிவமாக விளங்கியது. சாமுவேலின் முதலாம் நூலில், மக்கள் அரசன் வேண்டுமெனக் கேட்டபோது, அவன் விதைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் ஆடுகளிலும் பத்திலொன்றைக் கவர்ந்துகொள்வான் எனச் சாமுவேல் எச்சரிப்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தசமபாகம் அங்கு ஆசீர்வாதமாக அன்றி, ஆட்சியாளனின் சுரண்டலாகவே காட்டப்படுகின்றது.

மோசேயின் நியாயப்பிரமாணம் கூறும் தசமபாகமும் ஒருதன்மைத்தானது அன்று. எண்ணாகமத்தின்படி அது லேவியருக்குரியது. கோத்திரங்களுக்கு நிலம் பங்கிடப்பட்டபோது லேவியருக்கு நிலச் சுதந்தரம் வழங்கப்படாமையே அதற்குக் கூறப்படும் காரணம். லேவியரும் தாம் பெற்றதிற் பத்திலொன்றை ஆசாரியருக்குக் கொடுத்தனர். உபாகமமோ வேறொரு முறையைக் கூறுகின்றது. அங்கே விளைச்சலின் பத்திலொன்றை, கொடுப்பவனும் அவன் குடும்பத்தாரும் கடவுளின் சந்நிதியில் உண்டு மகிழ்கின்றனர். மூன்றாம் ஆண்டு தோறும் அப்பங்கு ஊரிலேயே சேமிக்கப்பட்டு லேவியன், அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோருக்கு வழங்கப்படுகின்றது. இவ்விரு முறைகளையும் இணைக்க முயன்ற பிற்கால யூத அறிஞர்கள் முதலாம் தசமபாகம், இரண்டாம் தசமபாகம், வறியோர் தசமபாகம் எனப் பகுத்தனர்.

இவையனைத்திற்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. தசமபாகம் தானியம், திராட்சை இரசம், எண்ணெய், கால்நடை ஆகியவற்றின்மீதே, அதாவது நிலத்தின் பயன்மீதே விதிக்கப்பட்டது. கூலியாளின் கூலியில் இது கேட்கப்படவில்லை. நிலமற்றவனும் விதவையும் அந்நியனும் இவ்வமைப்பிற் கொடுப்போராகவன்றிப் பெறுவோராகவே இடம்பெறுகின்றனர்.

2. தொடக்கத் திருச்சபையும் மனமுவந்த ஈகையும்

சுவிசேஷங்களில் தசமபாகம் மிகச் சில இடங்களிலேயே பேசப்படுகின்றது. புதினாவிலும் சீரகத்திலும் பத்திலொன்று செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டோரை இயேசு கண்டிக்கும் பகுதி இவற்றுள் முக்கியமானது. அவர் அச்செலுத்துகையை மறுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், அங்கு விளிக்கப்படுவோர் எருசலேம் தேவாலயம் நிலைத்திருந்த காலத்து யூதர் என்பதும் மறக்கற்பாலதன்று. ஆசாரியமும் பலியும் நிகழ்ந்த அத்தேவாலயம் கி.பி. 70 இல் அழிந்தது.

பவுல் எருசலேமின் வறியோருக்கெனப் பொருள் திரட்டியபோதும், ஊழியருக்கு ஆதரவு பெறும் உரிமையுண்டு என வாதிட்டபோதும் தசமபாகத்தைச் சான்றாகக் காட்டவில்லை. அவரவர் வரவுக்கேற்ப, வற்புறுத்தலின்றிக் கொடுத்தலையே அவர் வலியுறுத்தினார். இரண்டாம் நூற்றாண்டினரான யுஸ்தீன், வசதியுள்ளோர் தாம் விரும்பிய அளவு கொடுத்ததையும் அது திக்கற்றோர், நோயாளர், சிறைப்பட்டோர் ஆகியோருக்குச் செலவிடப்பட்டதையும் விவரிக்கின்றார். தெர்த்துல்லியனும் மாதந்தோறும் இடப்படும் காணிக்கை கட்டாயமற்றது என்கின்றார். இரெனேயு, யூதர் பத்திலொன்றைக் கொடுத்தனர், கிறித்தவரோ தம்முடைய அனைத்தையும் ஆண்டவருக்கென ஒதுக்குகின்றனர் என வேறுபடுத்துகின்றார். சட்டத்தால் வரையறுக்கப்பட்ட பங்கு அடிமை நிலைக்குரியது, ஈகை சுதந்திரத்துக்குரியது என்பதே இச்சிந்தனையின் சாரம்.

3. அறிவுரை அரசாணையாதல்

மேற்கு உரோமப் பேரரசின் சிதைவுக்குப் பின்னர் நிலமை மாறியது. 567 இல் தூர் நகரிற் கூடிய ஆயர்கள் தசமபாகத்தை அறிவுறுத்தினர். 585 இல் மாக்கோன் சங்கம், கொடுக்க மறுப்போர் சபையினின்று விலக்கப்படுவர் என விதித்தது. 779 இற் சார்லமேன் பிறப்பித்த ஹெர்ஸ்தால் கட்டளையோடு தசமபாகம் அரச சட்டமாயிற்று. ஆக, கிறித்தவம் தோன்றி ஏறத்தாழ ஏழரை நூற்றாண்டுகளின் பின்னரே, வாளின் துணையுடன், அது பொதுக் கடப்பாடாயிற்று. புதிதாக வெல்லப்பட்ட சக்சனியர்மீது இது திணிக்கப்பட்டபோது, அரசவை அறிஞரான அல்குயின், தசமபாகமே சக்சனியரின் விசுவாசத்தைக் குலைத்தது என 796 இல் வருந்தி எழுதினார்.

நிலமானிய அமைப்புக்குள் வந்த தசமபாகம் அவ்வமைப்பின் இயல்புகளைத் தானும் பெற்றது. பெறுமானமுள்ள சொத்தாக அது வாங்கப்பட்டது, விற்கப்பட்டது, குத்தகைக்கு விடப்பட்டது. பங்குக் குருவுக்கும் வறியோருக்கும் உரிய பகுதி மடாலயங்களையும் பிரபுக்களையும் சென்றடைந்தது. இங்கிலாந்தில் 1536 – 1540 காலப்பகுதியில் மடாலயங்கள் கலைக்கப்பட்டபோது அவற்றின் தசமபாக உரிமைகள் நிலவுடைமையாளரிடம் சேர்ந்தன. சமய ஊழியம் எதனையும் செய்யாத ஒருவர் சமயத்தின் பெயரால் விளைச்சலிற் பங்கு பெறும் விசித்திர நிலை இவ்வாறு தோன்றியது.

பத்து என்னும் எண்கூட மாற்றமுடியாததாக இருக்கவில்லை. பிரான்சிய ஆட்சியிலிருந்த கனடாவில் 1663 இற் பதின்மூன்றிலொன்றாக விதிக்கப்பட்ட தானியப் பங்கு, குடியேறிகளின் எதிர்ப்பினால் இருபத்தாறிலொன்றாகக் குறைக்கப்பட்டது. இதற்கான கோட்பாட்டு இடத்தைத் தோமஸ் அக்குவைனாசே முன்னர் அளித்திருந்தார். ஊழியரை ஆதரித்தல் இயற்கை நீதி, பத்திலொன்று என்னும் அளவோ திருச்சபையின் நிர்ணயம் என்பது அவர் கொள்கை.

4. சீர்திருத்தமும் குடியானவரும்

தசமபாகத்துக்கு எதிரான குரல்கள் திருச்சபைக்கு வெளியிலிருந்து மட்டும் எழவில்லை. அது வெறும் ஈகையே என்றும், ஒழுக்கங்கெட்ட குருவுக்குக் கொடாது விடலாம் என்றும் விக்கிளிஃப் கற்பித்தார். 1523 இல் சூரிச் நகரைச் சூழ்ந்த கிராமங்கள், வேதாகமத்தில் ஆதாரமற்றது எனக் கூறித் தசமபாகத்தை மறுத்தன. நகரசபை அதற்கு இணங்கவில்லை. சீர்திருத்தவாதி ஸ்விங்ளியும், மனித நீதி நிலவும்வரை அது செலுத்தப்பட வேண்டும் எனக் கூறிச் சபையின் பக்கமே நின்றார்.

1525 இல் ஜேர்மனியக் குடியானவர் வெளியிட்ட பன்னிரு கோரிக்கைகளில் இரண்டாவது இவ்விடயம் பற்றியது. தானியத் தசமபாகத்தை அவர்கள் முற்றாக மறுக்கவில்லை. அதனை ஊராரே சேகரித்து, தாமே தெரிந்தெடுத்த போதகருக்குப் போதிய அளவு கொடுத்து, எஞ்சியதை ஊரின் வறியோருக்கு வழங்கவேண்டும் எனக் கோரினர். கால்நடைமீதான சிறு தசமபாகத்தை மனிதர் புனைந்தது எனத் தள்ளினர். இது உபாகமத்தின் மூன்றாம் ஆண்டு முறைக்கு மிக நெருங்கிய கோரிக்கையாகும். ஆயின் லூதர் இதனைப் பிறர் பொருளைக் கொள்ளையிடலாகவே கருதினார். வேதத்தை மக்களின் மொழியில் வழங்கியவர், அம்மக்கள் அவ்வேதத்தைத் தம் வயலுக்குப் பொருத்திப் பார்த்தபோது அவர்களைக் கைவிட்டார். சொத்துரிமை சமய வாதத்திலும் வலிமை மிக்கதாக நின்றமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆராய்ச்சியும் அதிகாரத்தின் சினத்துக்குத் தப்பவில்லை. தசமபாகத்தின் வரலாற்றை 1618 இல் நூலாக வெளியிட்ட இங்கிலாந்துச் சட்ட அறிஞர் யோன் செல்டன், அதன் தெய்வீக உரிமையை மறுப்பதாக வெளிப்படக் கூறவில்லை. வழக்கங்களின் வளர்ச்சியையே ஆவணங்களுடன் எடுத்துக்காட்டினார். ஆயினும் அவர் அதிகாரிகள் முன் அழைக்கப்பட்டு வருத்தந் தெரிவிக்க நேர்ந்தது, நூலும் தடுக்கப்பட்டது.

5. அயர்லாந்து: பிறர் திருச்சபைக்குச் செலுத்திய பங்கு

தசமபாகத்தின் வர்க்கத் தன்மை அயர்லாந்தில் வெளிப்பட்டது போன்று வேறெங்கும் வெளிப்படவில்லை. 1834 இல் எடுக்கப்பட்ட கணிப்பின்படி அந்நாட்டின் 79 இலட்சம் மக்களுள் ஏறத்தாழ 64 இலட்சத்தினர் கத்தோலிக்கர். அரசு நிறுவிய அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தோர் எட்டரை இலட்சத்தினரே. எனினும் யாவரும் அச்சிறுபான்மைத் திருச்சபைக்கே தசமபாகம் செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர். தம் சொந்தக் குருமாரையும் கத்தோலிக்கக் குடியானவரே தாங்கவேண்டியிருந்தது.

ஆனால் இதனை வெறும் சமயப் பிணக்காகக் காணுதல் பொருந்தாது. 1735 இல் அயர்லாந்துப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை நிறைவேற்றிய தீர்மானம், பெருநிலவுடைமையாளர் கால்நடை வளர்த்த புல்நிலங்களை நடைமுறையில் தசமபாகத்தினின்று விடுவித்தது. சுமை பயிர்ச்செய்கை நிலத்தின்மீது, சில பகுதிகளில் ஏழையின் உருளைக்கிழங்குத் துண்டுநிலத்தின்மீதுகூட விழுந்தது. குருமார் பலர் தம் உரிமையைக் குத்தகைக்காரரிடம் விட்டனர். அவர்கள் தம் இலாபத்தையும் சேர்த்து அறவிட்டனர். 1760 களிலிருந்து இரகசியக் குடியானவர் இயக்கங்கள் இதனை எதிர்த்துத் தோன்றின.

1823 ஆம் ஆண்டுச் சட்டம் பொருளாகப் பெற்றதைப் பணமாக மாற்ற வழிவகுத்ததோடு, புல்நிலங்களையும் இவ்விறைக்குள் கொண்டுவந்தது. இதன் விளைவு எதிர்பாராதது. இதுவரை ஒதுங்கியிருந்த வசதிபடைத்த விவசாயிகளும் எதிர்ப்பில் இணைந்தனர். 1831 இல் கில்கெனிப் பகுதியின் கிரெய்கு எனும் ஊரில், செலுத்தப்படாத தசமபாகத்துக்காகக் கால்நடைகளைக் கைப்பற்ற வந்தோர் ஊராரால் முறியடிக்கப்பட்டனர். அவ்வாண்டு யூன் மாதம் நியூட்டவுன்பரியில் ஆயுதப்படையினர் கூட்டத்தினர்மீது சுட்டுப் பலரைக் கொன்றனர். டிசம்பரில் கரிக்ஷொக்கில் நிகழ்ந்த மோதலிற் பொலிஸார் பன்னிருவருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1834 டிசம்பரில் கோர்க் பகுதியின் ரத்கோர்மக் அருகே, விதவை ஒருவரிடமிருந்து 40 சில்லிங் அறவிடச் சென்ற படையினரின் சூட்டுக்குப் பன்னிருவருக்குக் குறையாதோர் பலியாயினர். விதவைக்கு உணவளிக்கவென உபாகமம் விதித்த ஒரு பங்கு, விதவையின் வாயிலில் துப்பாக்கியுடன் வந்து நின்றமை இவ்வரலாற்றின் மிகக் கொடிய முரண்பாடு எனலாம்.

1838 இல் தசமபாகம் கால்வாசி குறைக்கப்பட்டு, நிலவுடைமையாளர் செலுத்தும் கட்டணமாக மாற்றப்பட்டது. போர் தணிந்தது. ஆயின் நிலவுடைமையாளர் அதனைக் குத்தகையோடு சேர்த்துக்கொள்ள முடிந்தமையால் சுமை கண்ணுக்குப் புலப்படாததாயிற்றேயன்றி ஒழியவில்லை. 1869 இல் நிறைவேறிய சட்டம் 1871 இல் நடைமுறைக்கு வந்தபோதே அத்திருச்சபை அரசினின்று பிரிக்கப்பட்டது. இலங்கையில் அரச நிதியிலிருந்து கிறித்தவக் குருமாருக்கு வழங்கப்பட்ட கொடுப்பனவுகளை நிறுத்த 1881 இல் எடுக்கப்பட்ட முடிவையும் இத்தருக்கத்தின் தொடர்ச்சியாகக் கொள்ளலாம். ஒரு சமயத்தினரின் ஊழியத்துக்குப் பிற சமயத்தினரின் உழைப்பு இறையிறுத்தல் நீதியன்று என்பதே அத்தருக்கமாகும்.

6. ஒழிப்பினால் நன்மையடைந்தோர்

தசமபாகம் ஒழிக்கப்பட்ட இடமெங்கும் உழைப்பவனே நன்மையடைந்தான் எனக் கொள்ளுதலும் தவறாகும். பிரான்சில் 1789 ஓகஸ்டில் அது நட்டஈடின்றி ஒழிக்கப்பட்டபோது, இது நிலவுடைமையாளருக்கு அளிக்கப்படும் பெருங்கொடை எனச் சியேஸ் எதிர்த்தார். குருவாக இருந்தமையால் அவரது எண்ணம் ஐயுறப்பட்டது. ஆனால் கணிப்பு பொய்க்கவில்லை. குத்தகை விவசாயிகள் பலரிடமிருந்து நிலவுடைமையாளர் அப்பங்கினைத் தாமே குத்தகையுடன் பெறத் தலைப்பட்டனர். இங்கிலாந்தில் 1836 இல் அது தானிய விலைகளின் ஏழாண்டுச் சராசரியைத் தழுவிய பணக் கட்டணமாக மாற்றப்பட்டது. 1936 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டணத்தையும் நீக்கி, நிலவுடைமையாளர் அரசுக்குச் செலுத்தும் ஆண்டுத் தொகையை விதித்தது. அதுவும் 1977 இல் முடிவுற்றது.

7. நிலத்திலிருந்து சம்பளத்துக்கு

அரசின் கை விலகிய பின்னரே இன்றைய தசமபாகம் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரச உதவியற்ற திருச்சபைகள் பெருகிய ஐக்கிய அமெரிக்காவிற் சம்பளத்திலும் வியாபார வருமானத்திலும் பத்திலொன்று கொடுக்கும் போதனை வலுப்பெற்றது. சிக்காகோ வணிகர் தோமஸ் கேன் 1870 களிலிருந்து பெருந்தொகையாக வெளியிட்ட துண்டுப்பிரசுரங்கள் இதனைப் பரப்பின. பத்திலொன்று கொடுப்போன் செழிப்பான் என்பது அப்போதனையின் உட்கூறு. முதலீட்டுக்கு இலாபம் என்னும் வணிக அறம், மல்கியாவின் மொழியில் இங்கு ஒலித்தது. மறுபுறம் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, விசுவாசிகள் திருச்சபையின் தேவைகளுக்கு உதவவும் சமூக நீதியை வளர்க்கவும் வறியோரை ஆதரிக்கவும் கடமைப்பட்டவர் என்கின்றது. பத்திலொன்று என்னும் அளவை விதிக்கவில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் முடிவுகளுக்கு வரலாம். தசமபாகத்தின் கடப்பாடு நிலமற்ற குருகுலம், நிலப்பயன், வற்புறுத்தும் அதிகாரம் ஆகிய மூன்று தூண்களில் நின்றது. முதலாவது எருசலேமுடன் மறைந்தது. ஏனையவை ஐரோப்பிய நிலமானியத்தின் வீழ்ச்சியுடன் தளர்ந்தன. ஆகவே இன்றைய கிறித்தவருக்கு அது வரலாற்று வழிவந்த மாறாச் சட்டம் எனல் பொருந்தாது. சங்கங்களும் அரசாணைகளும் ஆக்கியதை மோசேயின் பெயரால் உரிமை கோருதல் வரலாற்றை மறைத்தலேயாகும்.

எனினும் இம்முடிவு கொடாதிருப்பதற்கான நியாயமாகாது. பத்திலொன்று என்னும் சம வீதம், எச்சமே இல்லாத கூலியாளின் உணவிற் கைவைக்கின்றது. செல்வனுக்கோ அது எளிதான விடுதலைச் சீட்டாகின்றது. பத்தைக் கொடுத்தபின் தொண்ணூறைப் பற்றி யாரும் கேளார் என்னும் நிம்மதியை இரெனேயுவின் சிந்தனை அனுமதிக்கவில்லை. எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதோடு, அது யாரிடமிருந்து எடுக்கப்பட்டு யாரைச் சென்றடைந்தது என்பதையும் சபைகள் கேட்க வேண்டும். 1525 இன் குடியானவர் கேட்டதும் அதுவே. அவர்களுக்கு அன்று வழங்கப்படாத விடை இன்றும் நிலுவையிலேயே உள்ளது.