ஆக்சிசன் தூய்மையாக்கல் (ஸ்கூபா உருளை)

ஆக்சிசன் தூய்மையாக்கல் என்பது, செறிவூட்டிய காற்று நிரப்பப்படும் ஸ்கூபா உருளையின் உட்புறத்திலும் வால்விலும் உள்ள எண்ணெய், மசகு, துரு, தூசு ஆகியவற்றை அகற்றும் செயன்முறை ஆகும். நிரப்பும்போது தீ விபத்து ஏற்படாமல் தடுப்பதே இதன் நோக்கம்.

தேவை

சாதாரண காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிசன் உள்ளது. நைட்ராக்சு எனப்படும் செறிவூட்டிய காற்றில் அது பெரும்பாலும் 32 அல்லது 36 விழுக்காடாக இருக்கும். நைட்ரசன் குறைவதால் மூழ்குநர் அதே ஆழத்தில் கூடுதல் நேரம் தங்க இயலும்.

இக்கலவையை உருவாக்கும் முறைகளுள் ஒன்று பகுதியழுத்தக் கலப்பு. இதில் முதலில் தூய ஆக்சிசனும் அதன்மேல் காற்றும் உருளைக்குள் செலுத்தப்படும். காலியான உருளையில் 200 பார் அழுத்தத்தில் 32 விழுக்காட்டுக் கலவை பெற, ஏறத்தாழ 28 பார் ஆக்சிசன் முதலில் நிரப்பப்படும். இறுதிக் கலவை 32 விழுக்காடே ஆயினும், இடையில் உருளையும் வால்வும் தூய ஆக்சிசனை எதிர்கொள்கின்றன.

ஆக்சிசன் தானே எரிவதில்லை. பிற பொருட்களை எளிதாகவும் விரைவாகவும் எரியச் செய்கிறது. வால்வை வேகமாகத் திறந்தால் வளிமம் திடீரென அமுக்கப்பட்டுச் சூடாகும். அவ்வெப்பத்தில் சிறிதளவு எண்ணெய்ப் படலமும் தீப்பற்றக்கூடும். எனவே ஆக்சிசன் மெதுவாகவே செலுத்தப்படுகிறது.

செய்முறை

1. உருளையைக் காலி செய்து, வால்வைக் கழற்றி, உட்புறத்தை விளக்கொளியில் ஆய்தல்.
2. துரு இருப்பின் அகற்றி, தூய்மையாக்கும் கரைசலாலும் வெந்நீராலும் கழுவி அலசுதல்.
3. எண்ணெயற்ற காற்று அல்லது நைட்ரசன் கொண்டு உலர்த்துதல்.
4. எச்சங்களைச் சோதித்தல். தூய பரப்பில் நீர் அறுபடாத படலமாகப் பரவும். எண்ணெய் இருப்பின் துளிகளாகத் திரளும். சில எண்ணெய்கள் புற ஊதா ஒளியில் ஒளிரும். எல்லா எண்ணெய்களும் ஒளிர்வதில்லை.
5. வால்வின் பாகங்களைத் தனித்தனியே தூய்மையாக்கி, வைட்டான் போன்ற, ஆக்சிசனுக்கு ஏற்ற ஓ-வளையங்களையும் புளோரின் சேர்ந்த மசகையும் இடுதல். சிலிக்கோன் மசகு தவிர்க்கப்படுகிறது.

தூய்மை இழப்பு

இத்தூய்மை நிலையானதன்று. எண்ணெய் மசகிட்ட கம்ப்ரசரிலிருந்து போதிய வடிகட்டலின்றி வரும் காற்றை ஒருமுறை நிரப்பினாலும் எண்ணெய் ஆவி உள்ளே படியக்கூடும். உருளையின் மேலுள்ள ஒட்டுச்சீட்டு, தூய்மையாக்கிய நாளின் நிலையை மட்டுமே காட்டும்; அதன்பின் நிரப்பப்பட்ட காற்றின் தரத்தைக் காட்டாது. ஐயம் எழுந்தால், தூய ஆக்சிசன் செலுத்துமுன் உருளையை மீண்டும் தூய்மையாக்க வேண்டும்.