காவிரிப் படுகையில் கண் மருத்துவமும் நோயாளிக் கல்வியும்

காவிரிப் படுகையின் கண் மருத்துவத்தைத் தனியே ஆராய இரண்டு காரணங்கள் உண்டு. அரசர் ஒருவரின் மருத்துவமனையில் எழுதப்பட்ட கண் நோயாளர் குறிப்புகள் இருநூறு ஆண்டுகளை நெருங்கியும் தஞ்சாவூரில் அழியாமல் இருக்கின்றன. இப்பகுதியைச் சோறுடைத்தாக்கிய நெல்லே கருவிழியைக் கெடுக்கும் ஒரு நோய்க்கும் வழி செய்கிறது. மருத்துவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், நோயாளிக்கு எதை, யார், எப்போது சொல்ல வேண்டும் என்ற கேள்விகள் இரண்டிலும் எழுகின்றன.

மருத்துவமனைக்கு முன் சத்திரங்களைப் பார்க்க வேண்டும். அவற்றுள் ஒன்று இருந்த நீடாமங்கலம் இன்று திருவாரூர் மாவட்டத்தின் வட்டத் தலைமையிடம். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங்கின் அரசி யமுனாம்பாளின் பெயரால் இவ்வூர் யமுனாம்பாள்புரம் என்றும் வழங்கியது. அவர் பெயரில் சத்திரமும் இருந்தது. தஞ்சை அரசின் சத்திரங்கள் சோறு போட்டதோடு நின்றுவிடவில்லை. அவற்றில் வழிப்போக்கருக்கு நோய் வந்தால் பார்க்க வைத்தியரும் மருந்தும் இருந்ததை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் விவரிக்கிறது. அறக்கொடைகளைக் காப்பாற்றிக்கொள்ள எழுதப்பட்ட கடிதம் என்பதால் அதில் சற்று மெருகு இருக்கலாம். ஆயினும் மருத்துவத்தை அன்னதானத்தோடு சேர்த்து அரசின் கடமையாகக் கருதிய மனப்போக்கு அதில் தெளிவாகத் தெரிகிறது.

1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி ஜெர்மானிய மதபோதகர் சுவார்ட்ஸிடம் கல்வி பெற்றவர். அவர் நிறுவிய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகியவை அருகருகே நடந்தன. கைகண்ட மருந்து முறைகளைத் தமிழ்ப் புலவர்களைக் கொண்டு செய்யுளாக்கும் வழக்கமும் அங்கு இருந்தது. மனப்பாடம் செய்யத் தகுந்த அந்த வடிவம் வைத்தியருக்கான கல்வியே தவிர நோயாளிக்கானது அன்று. பிற்காலத்தில் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற வரிசையாக அவை அச்சாயின. கண் நோய்க்கென்றே அதில் ஒரு தொகுதி உண்டு.

அதைவிட அரிய சான்று சரசுவதி மகால் நூலகத்தில் உள்ள நோயாளர் குறிப்புத் தாள்கள். ஆங்கிலத்திலும் மராட்டியரின் மோடி எழுத்திலும் எழுதப்பட்ட இந்த 50 தாள்கள் 44 கண் நோயாளரைப் பற்றியவை. சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த கண் மருத்துவர்கள் இவற்றைப் படித்து இன்றைய நடைமுறையோடு ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டுள்ளனர். மன்னருக்கு மெக்பீன் என்ற ஆங்கில மருத்துவர் துணையாக இருந்ததும் இவற்றால் தெரிகிறது. கண்புரை அறுத்த அரசர் என்று சரபோஜியைப் புகழ்வோர் அவருடைய கைத்திறனையே பெரிதாகப் பேசுவார்கள். மருத்துவ வரலாற்றுக்கு அதனினும் மதிப்புள்ளது அந்தத் தாள்களே. ஆளுக்கொரு குறிப்பு எழுதி வைத்தால்தான் செய்த சிகிச்சை பலித்ததா, பழுதானதா என்று இன்னொருவர் கேட்க முடியும். அக்கால ஊர் சுற்றும் புரை வைத்தியரிடம் அப்படிக் கேட்க வழியில்லை. அவர் ஊசியால் புரையைக் கண்ணுக்குள் தள்ளிவிட்டு, நோயாளிக்கு வெளிச்சம் தெரிந்த மகிழ்ச்சியில் கூலி வாங்கிக்கொண்டு, கண் கெடுவதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். சென்னை அரசு கண் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட் இந்த ஊசி முறையின் விளைவுகளை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து தனி நூலே எழுதினார்.

நெல்லால் வரும் கேடு கருவிழிப்புண். கதிர் அடிக்கும்போதும் தூற்றும்போதும் பறக்கும் உமி, பதர், சுணை, நடவிலும் களையெடுப்பிலும் குனியும்போது கண்ணில் குத்தும் தாள் நுனி ஆகியவை கருவிழியின் மேல்தோலைக் கீறுகின்றன. கீறல் சிறியதுதான். ஆனால் பயிர்ப்பொருளோடு ஒட்டி வரும் ஃபுசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் முதலிய பூஞ்சைகள் அந்த வழியே உள்ளே இறங்கினால், சில நாட்களில் கண் சிவந்து, வெள்ளையாகப் புண் படரும். ஆறினாலும் தழும்பு நிற்கும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்வது இதைத்தான். அறுவடை இயந்திரங்கள் வந்த பிறகு களத்து மேட்டில் அடிப்பது குறைந்திருக்கிறது. கொள்முதல் நிலையங்களில் நெல்லைத் தூற்றுவோருக்கும் மூட்டை பிடிப்போருக்கும் தூசு குறைந்துவிடவில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 சனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப்புண் நோயாளரை ஆராய்ந்தபோது, மூன்றில் இரு பங்கினருக்குக் கண்ணில் அடிபட்ட வரலாறு இருந்தது. வளர்ப்புச் சோதனையில் கிருமி தென்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பூஞ்சை காணப்பட்டது. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேருக்குச் சுமார் 113 பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்று வேறோர் ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்காவில் கண்ட அளவைப் போல் இது பத்து மடங்கு. எந்த மருந்து கேட்கும் என்பதையும் அதே மருத்துவமனை அமெரிக்க ஆய்வாளரோடு சேர்ந்து சோதித்தது. பழைய நாட்டாமைசின் சொட்டு மருந்து புதிய வோரிகோனசோலை விட நல்ல பயன் தருவதாக 2013-இல் வெளியான முடிவு காட்டியது. ஃபுசேரியம் பூஞ்சையில் வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது.

சரியான மருந்து இருந்தும் கண் கெடுவதற்குக் காரணம் இடையில் போகும் நாட்கள். உமி விழுந்த கண்ணில் தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது, விளக்கெண்ணெய் இடுவது, நாக்கு நுனியால் தூசு எடுப்பது எனக் கைவைத்தியம் பல. இவற்றைக் கேலி செய்து பயனில்லை. வலியால் துடிப்பவருக்கு அருகில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான், மருத்துவர் அல்லர். இன்னொரு கேடு நாகரிகத் தோற்றத்தோடு வருகிறது. மருந்துக்கடையில் சிவந்த கண்ணைக் காட்டி வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், பூஞ்சையோ செழிக்கும்.

இந்த இடைவெளியைக் கிராமத்திலேயே அடைக்க முடியுமா என்ற கேள்விக்கு நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வு 2001-இல் விடை தந்தது. பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்கள் கருவிழிக் கீறலைக் கண்டுபிடித்துக் குளோரம்பெனிகால் களிம்பை மூன்று நாள் இட்டனர். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய எவருக்கும் புண் உண்டாகவில்லை. மதுரை மாவட்டக் கிராமங்களிலும் இதே முறை சோதிக்கப்பட்டு 2006-இல் முடிவு வெளியானது. விலை குறைந்த களிம்பும், அன்றைக்கே வந்து காட்டவேண்டும் என்ற ஒரு செய்தியும் போதும் என்பது இவற்றின் சாரம். அச்செய்தி அறுவடைக்கு முன்பே களத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சம்பா முடிந்த பின் மாட்டும் சுவரொட்டியால் அந்தப் பருவத்துக்குப் பயனில்லை.

கண்புரை வேறு வகைச் சிக்கல். இங்கு அவசரம் இல்லை. அதனாலேயே தள்ளிப்போடுதல் நேர்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த், முகாம்கள் வழியே ஊர் ஊராகச் சென்றது. இலவசமாகச் செய்தும் பலர் வரவில்லை. தென்னிந்தியச் சிற்றூர்களில் நடந்த ஆய்வொன்று, கண் குறை உள்ளவர்களில் சுமார் 7 சதவீதத்தினரே முகாமுக்கு வந்ததாக 1999-இல் தெரிவித்தது. பயம், வீட்டுப் பொறுப்பு, உடன் வருபவரின் கூலி இழப்பு, இந்த வயதில் எதற்கு என்ற எண்ணம் போன்றவை தடைகளாக இருந்தன. 1991-இல் வெளியான மற்றோர் ஆய்வு பலவகைப் பிரசார முறைகளைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒப்பிட்டது. ஏற்கெனவே புரை அறுவை செய்துகொண்டவரே வீடு வீடாகப் போய்ச் சொன்ன ஊர்களிலும், செலவு முழுவதையும் ஏற்ற ஊர்களிலும் அறுவைக்கு இணங்கியோர் கூடுதலாக இருந்தனர்.

இத்தகைய தயக்கங்களைப் பேசித் தீர்க்க ஆலோசகர் என்ற பணி கண் மருத்துவமனைகளில் இடம்பிடித்தது. பெரும்பாலும் சிற்றூர்ப் பெண்களே பயிற்சி பெற்று இதைச் செய்கின்றனர். லென்சு என்றால் என்ன, தலைக்கு எப்போது குளிக்கலாம், வயல் வேலைக்கு எத்தனை நாள் போகக்கூடாது என்று நோயாளி மருத்துவரிடம் கேட்கத் தயங்குவதை அவர்களிடம் கேட்கிறார். அரவிந்த் 2004 முதல் சிற்றூர்களில் திறந்த பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் இணைய வழியே பேசுகிறார். தமிழ்நாடு அரசின் கண்ணொளி காப்போம் திட்டம் 2009 முதல் பள்ளி மாணவருக்குக் கண் சோதனையும் கண்ணாடியும் அளிக்கிறது.

எண்ணிக்கை பெருகும்போது மருத்துவ ஒழுங்கு நெகிழும் ஆபத்தும் உண்டு. 2008-இல் விழுப்புரம் மாவட்ட முகாம் ஒன்றிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு அறுவை செய்யப்பட்டவர்களில் பலர் தொற்றால் கண் பார்வையை இழந்தனர். அது வழக்காகி நீதிமன்றம் வரை சென்றது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அறுவைக்கு முன் எழுத்து மூலமான ஒப்புதல், உள்நோயாளர் பதிவேட்டை மூன்றாண்டு பேணுதல், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தருதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், நோயாளி முடிவு எடுக்கப் போதுமான விவரம் தந்த பின் பெறுவதே ஒப்புதல் என்று தீர்ப்பளித்தது. படிக்கத் தெரியாதவரிடம் படிவத்தை நீட்டிக் கட்டைவிரல் பதிப்பது அந்த அளவுகோலை எட்டாது.

கண் அழுத்த நோயிலும் சர்க்கரையால் வரும் விழித்திரைக் கேட்டிலும் கல்வியின் சுமை இன்னும் கூடுதல். இரண்டிலும் பார்வை மங்கும் முன்பே சிகிச்சை தொடங்கவேண்டும், நோயாளிக்கோ குறை எதுவும் தெரிவதில்லை. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கவே மருந்து என்பதைச் சொல்லாமல் விட்டால், ஒரு புட்டி தீர்ந்ததும் பயனில்லை என்று நிறுத்திவிடுவார். சொட்டு இடுவதையே செய்து காட்ட வேண்டியிருக்கிறது: கையைக் கழுவி, தலையை அண்ணாந்து, கீழிமையை இழுத்து, புட்டி முனை கண்ணில் படாமல் ஒரே சொட்டு விட்டு, கண்ணை மூடி மூக்கோர மூலையை ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். இரண்டு மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது விடவேண்டும்.