தலைமடையும் தொலைபேசிக் கம்பியும்

தாமிரபரணிக் கரையில் வாழ்பவர்களுக்கு ஓர் உண்மையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றில் நீர் ஓடினால் மட்டும் வயல் விளைந்துவிடாது. வாய்க்காலின் மடை யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இவ்வாற்றின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களில், தலைமடைக்காரர் மனம் வைத்தால்தான் கடைமடைக்காரர் நாற்று நட முடியும். செய்தி ஓடும் கம்பிக்கும் இதே நியதிதான் என்றால் வியப்பாக இருக்கிறதா? நம் நாட்டில் அகலப்பட்டை இணையம் பரவிய வரலாறு, உண்மையில் ஒரு மடையின் வரலாறே.

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே சென்றால் தச்சநல்லூர் வரும். 1994-இல் திருநெல்வேலி மாநகராட்சி அமைந்தபோது அதனுடன் இணைந்த ஊர் இது. இது போன்ற ஊர்களில் முன்னாளில் ஒரு வீட்டில் தொலைபேசி இருப்பது பெருமைக்குரிய செய்தி. விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். வெளியூரில் இருக்கும் மகனோடு பேச, இரவுக் கட்டணக் குறைவுக்காக எஸ்.டி.டி. பூத்தின் வாசலில் நின்றவர்கள் அதனினும் பலர். ஏன் இந்தக் காத்திருப்பு?

தனியுரிமையின் தொடக்கம்

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் 1882-ஆம் ஆண்டு ஜனவரியில் தொலைபேசி நிலையங்களைத் திறந்தது ஒரு தனியார் கம்பெனியே. ஆனால் 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைத்து நடத்தும் தனியுரிமையை அரசுக்கு அளித்தது. பிறர் நடத்த வேண்டுமானால் அரசின் உரிமம் பெற வேண்டும். 1943-இல் அம்மூன்று நகரங்களின் தொலைபேசிக் கம்பெனிகளையும் அரசே ஏற்றுக்கொண்டது. அன்று தொட்டு அரை நூற்றாண்டுக் காலம் மடை முழுவதும் ஒரே கையில் இருந்தது.

1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்கு வழி திறந்தது. 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் வந்தது. ஆயினும் அதனை வழங்கியது அரசு நிறுவனம் மட்டுமே. தனியாரும் இணைய இணைப்புத் தரலாம் என்னும் கொள்கை 1998-இல்தான் வந்தது. இதற்கிடையே, ஆடுகளத்தில் இறங்கும் அரசே நடுவராகவும் இருக்கலாகாது என்பதற்காக, 1997-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவப்பட்டது. தொலைத்தொடர்புச் சேவையை நடத்தும் பொறுப்பு அரசுத் துறையிடமிருந்து பிரிந்து, 2000 அக்டோபர் முதல் பி.எஸ்.என்.எல். என்ற நிறுவனத்திடம் சென்றது.

கம்பிக்குள் இரு பாதைகள்

தொடக்க நாளைய இணையத்தின் வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். ஒரு மெகாபைட் அளவுள்ள படத்தைப் பெறவே ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும்! காரணம், தொலைபேசி வழி குரலுக்காக வகுக்கப்பட்டது. மனிதர் பேச்சைப் புரிந்துகொள்ள விநாடிக்கு 300 முதல் 3400 வரையான அதிர்வெண்கள் போதும். எனவே அந்தப் பட்டை மட்டுமே பயன்பட்டது.

ஆனால், அதே இரட்டைச் செம்புக் கம்பி பத்து இலட்சம் அதிர்வெண்ணுக்கு மேலும் தாங்கக்கூடியது. குரலைக் கீழ்ப் பாதையிலும், இணையத் தகவலை மேலே உள்ள அகன்ற பட்டையிலும் அனுப்பினால் ஒன்று மற்றொன்றைத் தொடாது. வீட்டில் வைக்கும் சிறு வடிகட்டி இரண்டையும் பிரித்துவிடும். பேசிக்கொண்டே இணையத்தையும் பார்க்கலாம். குறை ஒன்றுதான்: உயர் அதிர்வெண்கள் கம்பியில் விரைவில் தேய்ந்துவிடும். நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்தால்தான் நல்ல வேகம் கிட்டும். வாய்க்காலின் கடைமடையில் நீர் குறைவது போலத்தான் இதுவும்!

ஆகவே வீட்டையும் நிலையத்தையும் இணைக்கும் அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர் கம்பி பொன்னினும் விலை மதிப்புடையதாயிற்று. அது பெரும்பாலும் பி.எஸ்.என்.எல்.லிடம் இருந்தது. புதிதாக வரும் ஒரு கம்பெனி ஒவ்வொரு தெருவையும் தோண்டி மற்றொரு கம்பி புதைக்க வேண்டுமா? அல்லது இருக்கும் கம்பியை நியாயமான வாடகைக்குப் பெறலாமா?

கைநழுவிய வாய்ப்பு

ஜப்பானில் 2001-இல் சாப்ட்பேங்க் நிறுவனம் பழைய தொலைபேசி நிறுவனத்தின் கம்பியையே வாடகைக்குப் பெற்று மலிவான இணையம் தந்தது. பிரான்சில் 2002-இல் 'ஃபிரீ' நிறுவனம் மாதம் 29.99 யூரோவுக்கு இணைப்பு தந்தது. இரு நாடுகளிலும் பிற நிறுவனங்களும் போட்டிக்கு விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. நம் ஒழுங்குமுறை ஆணையமும் 2004-இல் இவ்வழியையே பரிந்துரைத்தது. ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் அரசு வெளியிட்ட அகலப்பட்டைக் கொள்கை அதனைக் கட்டாயமாக்கவில்லை. விரும்பினால் இரு தரப்பும் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று கூறி நிறுத்திக்கொண்டது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. பாடுபட்டு அமைத்த கம்பியைப் பிறருக்குக் கொடுத்துவிட வேண்டுமென்றால், புதிய கம்பி அமைக்க எவர் முதல் போடுவார்? அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பிப் பகிர்வை வற்புறுத்தியது. 2003-இல் இவ்வாதத்தை ஏற்று அதில் பெரும்பகுதியைத் தளர்த்தினார்கள். எந்த வழி சிறந்தது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நம் நாட்டில் நடந்தது இதுதான்: 2010-க்குள் 2 கோடி இணைப்புகள் என்பது கொள்கையின் இலக்கு, எட்டியதோ ஏறத்தாழப் பாதி. கம்பியைப் பகிராதது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கணினியின் விலையும், பழுதடைந்த கம்பிகளும், தமிழில் பயனுள்ள பக்கங்கள் குறைவாக இருந்ததும் காரணங்களே.

வானொலி அலை தந்த விடை

கம்பியே இல்லாமல் கடைசிப் பாதையைக் கடக்கலாமே என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் சாதனம், மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் 2001 முதல் இணைய நிலையங்களை இயங்கச் செய்தது.

அலையின் முழு வெள்ளம் பின்னர் வந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ நிறுவனம் சேவை தொடங்கி, 2017 மார்ச்சு முடிய இணையத்தை இலவசமாகவே வழங்கியது. விலை சரிந்தது, தெருவெல்லாம் இணையம் பாய்ந்தது. அடக்க விலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளரை வீழ்த்தும் முயற்சி இது என்று மற்றொரு நிறுவனம் போட்டி ஆணையத்தில் முறையிட்டது. சந்தையில் புதிதாக நுழைந்தவர் ஆதிக்கம் உடையவர் அல்லர் என்று கூறி, 2017 ஜூனில் ஆணையம் அம்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

நெல்லைச் சீமையினருக்கு இலவசம் என்ற சொல் புதியதன்று. 1906-இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வீழ்த்த, தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில் ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. பிறகு பயணிகளை இலவசமாக ஏற்றி, கையில் குடையும் கொடுத்தது என்று வரலாறு கூறும். அங்கே ஆதிக்கம் செலுத்தியது பழைய கம்பெனி. அரசும் அதன் பக்கம். 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. இரு நிகழ்ச்சிகளும் ஒன்றல்ல. எனினும் இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குடை கிடைத்த மகிழ்ச்சி தீர்ந்த பிறகு கடலில் எத்தனை கப்பல்கள் மிஞ்சும்?

2016-க்குப் பின் சில நிறுவனங்கள் மூடப்பட்டன. சில ஒன்றோடொன்று இணைந்தன. நாடு முழுவதற்கும் மிஞ்சியவை மூன்று தனியார் நிறுவனங்களும் ஓர் அரசு நிறுவனமுமே. தனியார் நிறுவனங்கள் 2019 டிசம்பரிலும், மீண்டும் 2024 ஜூலையிலும் கட்டணத்தை உயர்த்தின. 2024-இன் கணக்குப்படி நாட்டின் அகலப்பட்டை இணைப்புகள் ஏறத்தாழ 94 கோடி. அவற்றுள் கம்பி வழி வருபவை 4 கோடி அளவே. கோபுரத்தின் அலையைப் பலரும் பங்கிட வேண்டியிருப்பதால், எல்லோரும் இணையத்துக்கு வரும் மாலை வேளையில் வேகம் தளர்கிறது. அதனால்தான் கண்ணாடி இழைக் கம்பிக்கு இன்று மதிப்பு உயர்கிறது. தெருவுக்குத் தெரு அந்த இழை வரும்போது, பழைய வினா புது உருவில் எழும்.

கால்வாய் பொதுவாக இருக்கலாம், ஒருவருடையதாகவும் இருக்கலாம். ஆனால் முறை வைத்து நீர் விடும் நீதியான கை ஒன்று வேண்டும். தச்சநல்லூரில் படிக்கும் ஒரு மாணவி, இரவில் பாடம் ஒன்றை இணையத்தில் பார்க்க எவ்வளவு செலவிட வேண்டும் என்பது அந்தக் கையைப் பொறுத்தே இருக்கிறது.