முன்பக்கத்துத் துளை

என் தாயாருக்கு வயது எழுபத்தாறு; காது சற்று மந்தம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடல் கடந்து போய்விட்ட பேத்தியுடன் பேசுவதுதான் அவருக்கு வாரத்தில் ஒரே விசேஷம். ஒலிபெருக்கியில் கேட்டால், "கொழகொழன்னு இருக்குது, ஒண்ணும் புரியில" என்பார். காதை மூடிக்கொள்ளும் ஹெட்போன் இருந்தால்தான் பேத்தியின் வார்த்தை அவருக்கு வார்த்தையாகக் கேட்கும். அதைச் செருக வேண்டிய துளையோ கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் இருக்கிறது. முதுகு சுவரைப் பார்த்து இருக்கிறது. குனிந்து தேடிச் செருக அவரால் ஆகாது.

பெட்டியின் முன்பக்கத்திலும் இரண்டு துளைகள் உண்டு, பச்சையில் ஒன்று, ரோஜா நிறத்தில் ஒன்று. பார்வைக்கு லட்சணமாக இருக்கும். செருகினால் ஊமை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊமைத் துளையோடு நான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஜாக்குல குத்தமா, கார்டுல குத்தமா? மொதல்ல அதைப் பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே வெட்கமும் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் போர்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் அவர். கார்டு என்றால் கயிறு போன்ற அந்த ஒயர். ஜாக் என்றால் அது போய்ச் செருகிக்கொள்ளும் துளை. நான் துளை, ஓட்டை என்று தடுமாறிக்கொண்டிருந்த வஸ்துவுக்கு அவர் பிறந்த பெயரைச் சொல்லிவிட்டார்.

உண்மையில் அந்தத் துளை பிறந்ததே டெலிபோன் போர்டில்தான். அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் 1878 ஜனவரி 28-ஆம் தேதி முதல் வியாபார எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது. சந்தாதாரர்கள் மொத்தம் 21 பேர். அந்தக் காலத்தில் சிக்காகோவில் சார்லஸ் ஸ்க்ரிப்னர் என்ற இளைஞர், கம்பிகளைச் சட்டென்று சேர்க்கவும் பிரிக்கவும் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். அதன் உருவம் மடக்குக் கத்தியைப் போல இருந்தது. ஆங்கிலத்தில் மடக்குக் கத்திக்கு 'ஜாக் நைஃப்' என்று பெயர். கத்தி போயிற்று, ஜாக் நின்றுவிட்டது. இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடங்களிலும் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட நாளும் ஒரு ஜனவரி 28-தான், வருஷம் 1882. நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த போர்டில் துளைகள் எல்லாம் முன்பக்கம் இருந்தன. உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கைக்கு எட்டும் தூரத்தில், வரிசை வரிசையாக. கம்பிக் குப்பையெல்லாம் பின்னால். முன்பக்கம் கேட்கிறவருக்கு, பின்பக்கம் மெக்கானிக்குக்கு என்ற தர்மம் அப்போதே ஏற்பட்டுவிட்டது.

வால்வு ரேடியோவும் இந்தத் தர்மத்தை மீறவில்லை. 1939-ல் திருச்சி வானொலி பேச ஆரம்பித்தது. எங்கள் ஊர் ஜி. டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். அன்றைய ரேடியோப் பெட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குமிழும் முள்ளும் முன்னால். ஏரியலும் எர்த்தும் செருகுகிற ஓட்டைகள் பின்னால், அட்டை மூடிக்குள். பின்னர் 1950-களில் சட்டைப்பைக்குள் அடங்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தபோது ஜாக்கும் அதற்கேற்பச் சிறுத்தது. போர்டில் கால் அங்குலமாக இருந்தது மூன்றரை மில்லி மீட்டருக்கு இறங்கிற்று. 1979-ல் சோனி கம்பெனியார் வாக்மேன் கொண்டுவந்தார்கள். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதை அல்ல என்று எண்ணி முதல் வாக்மேனில் இரண்டு ஜாக் வைத்தார்களாம். ஜப்பானியர்களின் மரியாதை அப்படிப்பட்டது.

இத்தனை காலம் முன்னாலும் பக்கவாட்டிலும் கைக்கு எட்டிய துளை, கம்ப்யூட்டருக்கு வந்ததும் முதுகுக்குப் போய்விட்டது. ஏன்?

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட கம்ப்யூட்டருக்குப் பாடத் தெரியாது. 'பீப்' என்று கூவத் தெரியும், அவ்வளவுதான். பாட்டும் பேச்சும் வேண்டுமானால் தனியாக ஓர் அட்டை வாங்கிச் செருக வேண்டும். 1989-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த சவுண்ட் பிளாஸ்டர் அப்படிப்பட்டது. அட்டை செருகும் பள்ளங்கள் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்து அமைந்திருந்தன. ஆகவே அட்டையின் ஓரத்திலிருந்த ஜாக்குகளும் பின்பக்கம் எட்டிப் பார்த்தன. யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு அல்ல. பிறகு 1995-க்கு அப்பால் ஒலிச் சாதனம் மதர்போர்டிலேயே குடியேறிய பிறகும் ஜாக்குகள் பழைய வழக்கப்படி முதுகிலேயே தங்கிவிட்டன. அந்தக் காலத்து சி.டி. பெட்டியின் முகத்தில் ஒரு ஹெட்போன் துளை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அது சி.டி. பாடினால் மட்டும் பாடும். மற்ற விஷயங்களில் மௌன விரதம்.

ஜனங்கள் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்த பிறகுதான் முன்பக்கத்துத் துளை வந்தது. அது வந்த விதத்தில்தான் எங்கள் வீட்டு வழக்கு இருக்கிறது.

பெட்டி செய்கிறவர் ஒருவர். மதர்போர்டு செய்கிறவர் இன்னொருவர். முன்பக்கத்துத் துளையைப் பெட்டிக்காரர் வைப்பார். சப்தத்தை போர்டுக்காரர் கொடுப்பார். நடுவில் ஒரு சம்பந்தம் பேசியாக வேண்டும். இன்டெல் கம்பெனியார் 1997-ல் 'ஏ.சி. 97' என்றொரு முறையை வகுத்தார்கள். அதையொட்டி வந்த முன்பக்க ஏற்பாட்டில் போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாகப் பத்துக் கால்களுக்கு இடம். எட்டாவது கால் மட்டும் கிடையாது. செருகியைத் தலைகீழாகச் செருகிவிடாமல் இருக்க அந்த ஊனம். சப்தம் போர்டிலிருந்து புறப்பட்டு முன்பக்கத்து ஜாக்குக்குப் போகும். அங்கே யாரும் செருகவில்லையென்றால் ஜாக்கினுள் இருக்கும் வில் தகடு அதைத் திருப்பி அனுப்பும். அது பின்பக்கத்து ஒலிபெருக்கியைப் போய்ச் சேரும். செருகினால் தகடு விலகி, பின்பக்கம் வாயடைத்துப்போகும். தகட்டை விலக்குகிற இந்த வித்தை அம்மாவின் போர்டில் இருந்த அதே பழைய வித்தைதான். முன்பக்கத்துக்கு ஒயரே இல்லாத பெட்டிகளில், ஐந்தாம் காலையும் ஆறாம் காலையும், ஒன்பதையும் பத்தையும் சேர்த்து இரண்டு சின்னத் தொப்பிகள் போட்டிருப்பார்கள். என் சிநேகிதர் ஒருவர் அவை எதற்கு என்று கழற்றிப் பார்த்தார். அன்றோடு அவர் வீட்டில் பின்பக்கத்துப் பாட்டும் நின்றது.

2004-ல் இன்டெல் வேறொரு முறை கொண்டுவந்தது, ஹெச்.டி. ஆடியோ என்று பெயர். இதில் சப்தம் போய்த் திரும்புவதில்லை. ஒவ்வொரு ஜாக்குக்கும் வெவ்வேறு அளவில் ஒரு ரெசிஸ்டர். எந்த ஜாக்கில் செருகினாலும் அதற்குரிய அளவு ஒரு தனிக் கம்பி வழியாகத் தெரியும். "இன்ன துளைக்கு ஆள் வந்திருக்கிறார்" என்று போர்டு அறிந்து அங்கே சப்தத்தை அனுப்பும். நல்ல யோசனைதான். ஆனால் அதே ஒன்பது கால்களை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, வேலையை மட்டும் மாற்றிவிட்டார்கள்! பழைய செருகி புதிய கால்களில் பாந்தமாகப் போய் உட்காரும். காரியம் மட்டும் நடக்காது. இதை நான் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் பெட்டி 2003-ல் வாங்கியது. மதர்போர்டு பிற்பாடு மாற்றியது. கூடு பழசு, குடல் புதுசு. காந்திபுரத்திலிருந்து வந்த பையன் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்த உடனே சொல்லிவிட்டான்: "போர்டு ஹெச்.டி.ங்ணா. முன்னாடி ஒயரு பழைய ஏ.சி. தொண்ணூத்தேழு. நீங்க சொருகறது அதுக்குத் தெரியவே தெரியாதுங்ணா."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்தார். ஆள் வந்திருப்பதை அறியும் கம்பியைப் பற்றி அவன் விளக்கியபோது அவர் முகம் மலர்ந்தது. "எங்க போர்டுலயும் அது இருந்துது கண்ணு. கார்டு நுனியை ஜாக்கு விளிம்புல லேசாத் தொடுவோம். காதுல 'டக்'குன்னு கேட்டா லைன்ல ஆள் இருக்குன்னு அர்த்தம். கேக்கலேன்னாத்தான் சொருகோணும்." பையன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் செருகியிலிருந்து, சப்தத்தைத் திருப்பி அனுப்புகிற ஒயர்கள் இரண்டை மட்டும் ஊசியால் நெம்பி எடுத்து, டேப் சுற்றி ஓரமாக விட்டான். கம்ப்யூட்டரை எழுப்பி, அது விழிக்கும் முன்பே தோன்றும் அமைப்புத் திரையில் முன்பக்கத்தின் வகையை ஏ.சி. 97 என்று மாற்றினான். "இனி முன்னாடி கேக்குமுங்க. ஆனா நீங்க இங்க சொருகினாலும் பின்னாடி ஸ்பீக்கர் தானா நிக்காதுங்ணா, நீங்கதான் நிறுத்தோணும்" என்றான். கூலி இருநூறு ரூபாய். அம்மா அவனுக்குக் காப்பி கொடுத்து, நாலு முறுக்கையும் தட்டில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் பின்பக்கத்து ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு நகர்ந்து நின்றேன். அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதன் செருகியைக் கையில் எடுத்தார். பச்சைத் துளையின் விளிம்பில் நுனியை லேசாகத் தொட்டார். ஒரு கணம் காது கொடுத்தார்.

"காலியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுச் செருகினார்.