கட்டிப்படுகையை இடங்காணல்

மார்பகப் புற்றுநோய்க் கட்டியை அகற்றிய பின், அது இருந்த குழியும் சுற்றியுள்ள திசுவும் கட்டிப்படுகை எனப்படும். மார்பகத்தைக் காக்கும் அறுவைக்குப் பின் அதே மார்பகத்தில் நோய் திரும்பினால், பெரும்பாலும் இவ்விடத்திலோ இதன் அருகிலோதான் தோன்றும்.

வரலாறு

அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-இல் விளக்கிய அறுவையில் மார்பகம், அடியிலுள்ள தசைகள், அக்குள் நிணநீர்க்கணுக்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. அதனால் படுகையைத் தேடும் தேவை எழவில்லை. கட்டியையும் சுற்றுப்பகுதியையும் மட்டும் நீக்கிக் கதிர் சிகிச்சை அளித்தாலும், தொடக்கநிலை நோயாளிகள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறைவதில்லை என இத்தாலியின் உம்பெர்த்தோ வெரோனேசி (1981), அமெரிக்காவின் பெர்னார்டு ஃபிஷர் (1985) ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

ஐரோப்பாவில் 1989 முதல் 1996 வரை, கட்டி முழுமையாக அகற்றப்பட்ட 5,318 பெண்கள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அனைவருக்கும் மார்பகம் முழுவதற்கும் 50 கிரே கதிர் தரப்பட்டது. ஒரு பிரிவினருக்குப் படுகைக்கு மட்டும் கூடுதலாக 16 கிரே தரப்பட்டது. பத்தாண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்புவது 10.2 விழுக்காட்டிலிருந்து 6.2 விழுக்காடாகக் குறைந்தது. இளவயதினருக்கே பயன் மிகுதி. ஆனால் கூடுதல் கதிர் பட்ட இடத்தில் திசு இறுகுவதும் அதிகமானது. எனவே படுகையைத் தவறவிடாமலும், தேவைக்கு மேல் அகலமாகக் கதிர் செலுத்தாமலும் இருக்க வேண்டியதாயிற்று.

முறைகள்

தொடக்கத்தில் தோலிலுள்ள தழும்பே அடையாளமாகக் கொள்ளப்பட்டது. தழும்பு வெளியே தெரியாதிருக்க முலைக்காம்பின் ஓரமாகக் கீறினால், படுகை அதிலிருந்து தள்ளி அமைந்துவிடும். சிடி ஸ்கேன் வந்தபின் உள்ளே நீர்கோத்த குழியைக் காண முடிந்தது. ஆனால் அந்நீர் நாளடைவில் வற்றிவிடும். அறுவைக்கும் கதிர் சிகிச்சைக்கும் இடையே சில மாதங்கள் கீமோதெரபி நடந்தால், குழியின் எல்லை மங்கிப்போகும். இதனால் அறுவையின்போதே குழியின் சுவர்களிலும் அடித்தளத்திலும் சிறு டைட்டானியம் கிளிப்புகளைப் பொருத்தும் வழக்கம் ஏற்பட்டது. இவை உடலுக்குத் தீங்கு செய்யாமல் அங்கேயே இருந்து, ஸ்கேனில் தெளிவாகத் தெரியும்.

ஊர்ப்புறத் தேவை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து எட்டும் தொலைவில், கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் கதிர் சிகிச்சை வசதி உண்டு. அறுவை வேறொரு மருத்துவமனையில் நடந்திருந்தால், கதிர் மருத்துவர் அந்தக் குழியை நேரில் கண்டிருக்க மாட்டார். கிளிப் வைக்கப்பட்டதா, எத்தனை, எங்கெங்கே என்பதை அறுவைக் குறிப்பே அவருக்குச் சொல்லும். அக்குறிப்பு, அறுவைக்கு முன் எடுத்த மாமோகிராம் படம், நோயியல் அறிக்கை ஆகிய மூன்றையும் நோயாளி பத்திரமாக வைத்திருந்து உடன் கொண்டுசெல்வது அவசியம்.